நீட் இயற்பியல்: மின்சுற்றுக் கணக்கில் நேரம் போகிறது

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, நீட் எழுதப் போகிறாள். 180 நிமிடத்தில் 180 கேள்விகள், அதில் இயற்பியல் 45. மூன்று மாதமாக எந்த மாதிரித் தேர்விலும் அந்த 45-க்கே 85 நிமிடம் போய்விடுகிறது.

புவியீர்ப்பு முடுக்கம் ஜி-யை 10 என்று வைப்பது, பரிமாணம் பார்த்துத் தவறான விடைகளைக் கழிப்பது, இரண்டையும் பழக்கிவிட்டோம். இயக்கவியலில் வேகம் வந்துவிட்டது. சாய்தளத்தில் வழுக்காமல் உருளும் திண்மக் கோளமா, முடுக்கம் ஏழில் ஐந்து பங்கு ஜி சைன் தீட்டா (தீட்டா என்பது சாய்வுக் கோணம்) என்று உடனே சொல்கிறாள். மாட்டிக்கொள்வது மின்சுற்றில்தான். கனசதுர மின்தடை வலை (கனசதுரத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு மின்தடை) வந்தால், ஒவ்வொரு சந்திக்கும் சுற்றுக்கும் கிர்க்காஃப் விதிப்படி சமன்பாடு எழுத உட்கார்ந்துவிடுகிறாள், ஆறு நிமிடம் காலி. அவசரப்பட்டுத் தவறினால் ஒரு மதிப்பெண் குறையும், அதுதான் கவலை.

சமச்சீரை வைத்து ஒரே மின்னழுத்தப் புள்ளிகளைப் பார்த்ததும் கண்டுபிடிக்க அவளை எப்படிப் பழக்குவது?