மீன் வண்டிப் பட்டைக்கு அந்த ஒரு கோடி கணக்கு செல்லாது

செல்லூர் பட்டறை: "ஒரு கோடி தடவை வளைந்தும் முறியாத எஃகு ஆயுசுக்கும் முறியாது" என்று நேற்று இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டி, பாரம் தாங்கி வளைந்து நிமிரும் எஃகு ஸ்பிரிங் பட்டையில் மிளகு மிளகாகக் குழி விழுந்திருக்கும். போன வாரம் கழற்றிய மெயின் பட்டை அப்படி ஒரு குழியிலிருந்துதான் முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் ஒரு பக்கம் கறுத்த துரு, மறுபக்கம் பளபளப்பு. கறுப்பு மெல்ல மெல்ல விரிசல் ஓடிய இடம், பளபளப்பு கடைசியில் பட்டென்று விட்ட இடம்.

தெப்பக்குளம் மாணவன்: நான்தான் எழுதினேன் அண்ணே. எஃகுக்கு ஃபெட்டீக் லிமிட் உண்டு, அதாவது திரும்பத் திரும்ப வளைத்தாலும் விரிசல் விடாமல் தாங்கும் பளுவின் எல்லை. பளு அதற்குக் கீழே இருந்தால் ஒரு கோடி தாண்டியும் ஓடும். பாடத்திலேயே இருக்கிறது.

செல்லூர் பட்டறை: உப்பு படாமல் காற்றில் ஓடும். 'காற்றில்' என்ற சொல்லை ஏன் விட்டீர்கள்? உப்பில் அந்த லிமிட்டே கிடையாது, வளைய வளையத் தாங்கும் பளு இறங்கிக்கொண்டே போகும்.

திருமங்கலம் லாரி: துருவைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் போதும். என் வண்டி 6 வருஷமாக ஓடுகிறது.

செல்லூர் பட்டறை: நீங்கள் ஏற்றுவது செங்கல். துருப்பிடித்த பிறகு வளைவது வேறு, வளையும்போதே உப்பு தின்பது வேறு. இரண்டாவதுதான் மோசம். பட்டைகள் உரசும் இடத்தில் பெயிண்ட் நிற்காது. அப்புறம், தீபாவளிக்குச் செய்த வேலைக்குக் காசு இன்னும் வரவில்லை.

திருமங்கலம் லாரி: இரண்டே மாதத்தில் தொய்ந்த பட்டைக்கு எதற்குக் காசு?

தெப்பக்குளம் மாணவன்: வலிமை கூடிய எஃகு போடலாமே?

செல்லூர் பட்டறை: காற்றில் கிடைக்கும் லாபம் உப்பில் கிடைக்காது தம்பி. சுற்றுக்கு ஒரு தடவை எஃகை வளைத்துச் சோதிக்கும், நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும் மெஷினில் உங்கள் ஒரு கோடி இரண்டரை நாளுக்குள் முடிந்துவிடும். உப்பு வேலை செய்ய அங்கே நேரம் ஏது? வண்டிக்கு அது வருஷக்கணக்கு.

ரயில்வே ஓய்வு: 1967இல் அமெரிக்காவில் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு இணைப்புத் தண்டில் அரிப்பால் வளர்ந்த சின்ன விரிசல்தான் காரணம்.

தெப்பக்குளம் மாணவன்: பாலம் வேறு, பட்டை வேறு. காற்றில் ஒரு கோடி சரிதான். என் வரியை அழிக்க மாட்டேன்.

செல்லூர் பட்டறை: 'காற்றில்' என்று சேருங்கள். அதுவரை தினமும் எழுதுவேன்.

திருமங்கலம் லாரி: என் பட்டைக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.