கொய்யாவுக்குள்ள புழு, பட்டர் புரூட் உச்சியிலயிருந்து காயுது. மரத்தை வெட்டத்தான் வேணுமா?

அப்புத்தளை வீட்டுத்தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். லயத்தில் கடைசி வீடு எங்களுடையது, அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. அப்பா இருந்த காலத்தில் வைத்த மரங்கள் அதில் நிற்கின்றன. மூன்று கொய்யா, ஒரு பட்டர் புரூட், ஒரு தோடை.

கொய்யாவில் மூன்று வருடமாகப் புழு. வெளியே பார்த்தால் மஞ்சளாக, வாசமாக இருக்கும். பிட்டால் உள்ளே வெள்ளையாக நெளியும். போன மாதம் சின்ன மகன் பாதியைக் கடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மிச்சத்தை என்னிடம் நீட்டினான். அன்றிலிருந்து அவன் கொய்யாவைத் தொடுவதில்லை.

டவுனில் ஒரு மருந்துக் கடையில் போய்ச் சொன்னேன். என்ன மரம், எத்தனை மரம், பூவா காயா, எதுவும் கேட்கவில்லை. லேபல் இல்லாத சின்னப் போத்தலில் ஊற்றித் தந்து, "ஒரு டாங்கிக்கு ரெண்டு மூடி" என்றார்கள். போஞ்சிக்கு அடிக்கும் மருந்தாம். அடித்தோம். பக்கத்துத் தோடை அப்போது பூத்திருந்தது. மறுநாள் காலையில் மரத்தடியில் தேனீக்கள் செத்துக் கிடந்தன, பொறுக்கினால் ஒரு கை நிறையும். பத்து நாளில் பழுத்த கொய்யாவைப் பிட்டேன். புழு அப்படியே இருந்தது.

இன்னும் இரண்டு விஷயம். கொய்யா இலையெல்லாம் அடுப்புக்கரி பூசின மாதிரி கறுப்பு. இலைக்கு அடியில் மாவு மாதிரி வெள்ளைப் பூச்சி, எறும்பும் ஓயாமல் ஏறி இறங்குகிறது. பட்டர் புரூட் மரம் நாங்கள் குளிக்கிற பீலிக்குப் பக்கத்தில் நிற்கிறது. போன வருடத்திலிருந்து இலை வெளிறி, சின்னதாகி, உச்சிக் கொப்புகள் மொட்டையாகக் காய்கின்றன. கோழி முட்டையளவு வரும்போதே காய் விழுகிறது.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு லீக்ஸ் போடலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. அப்பா கவ்வாத்து வேலை முடிந்து வந்து பின்னேரத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியா பழைய ஆள் எழுதியது:

மகள், மரத்தை வெட்ட வேணாம். அந்தப் போத்தலை இனி திறக்கவும் வேணாம். புள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க, பீலியிலயோ கான்லயோ ஊத்திடாதீங்க.

நான் தோட்டத்துல 31 வருசம் வேலை செஞ்சவன். அதுல 14 வருசம் மருந்து டாங்கி என் முதுகுலதான். 1946ல கொப்புள நோய் இந்த நாட்டுத் தேயிலைக்கு வந்ததுல இருந்து மலைக்கு மலை செம்பு மருந்து அடிச்ச பரம்பரை நாங்க. அதனால மருந்தே ஆகாதுன்னு சொல்ற ஆள் நான் இல்லை. கொய்யாவுக்குள்ள இருக்கிற புழுவுக்கு மேலால அடிக்கிற மருந்து போய்ச் சேராது, அவ்வளவுதான். நீங்க அடிச்ச அன்னைக்கு புழு தோலுக்கு உள்ள இருந்துச்சு, தேனீ வெளிய இருந்துச்சு.

நாளைக்குக் காலையில ஒரு வேலை செய்ங்க. பச்சை மாறி வெளுக்கத் தொடங்கின காய் ஒண்ணைப் பறிச்சு வெயில்ல திருப்பித் திருப்பிப் பாருங்க. குண்டூசி குத்தின மாதிரி புள்ளி தெரியும். சிலதுல கண்ணாடி மாதிரி ஒரு சொட்டுப் பிசின் நிக்கும். பழ ஈ முட்டை வச்ச இடம் அது. பொட்டை ஈக்கு வால்ல ஊசி மாதிரி குழாய் இருக்கு, காயில உக்காந்து பின்பக்கத்தை வளைச்சுக் குத்தும். அப்புறம் நல்லாப் பழுத்த பழம் ஒண்ணைப் பிட்டு வெள்ளைத் தட்டுல வைங்க. முத்தின புழு தலையையும் வாலையும் ஒண்ணாச் சேத்து வளையமாகி, சட்டுன்னு தெறிச்சுக் குதிக்கும். குதிச்சா பழ ஈயோட புழுதான்.

அது குதிக்கிறது மண்ணைத் தேடி. பழம் கீழ விழுந்ததும் வெளிய வந்து, ரெண்டு விரல் ஆழத்துல மண்ணுக்குள்ள போய், நெல்லு மணி மாதிரி பழுப்புக் கூடா அடங்கும். சூடான ஊர்ல பத்து நாள்ல ஈயா வெளிய வரும். நம்ம குளிருக்கு இன்னும் கொஞ்ச நாள் கூட எடுக்கும். அப்ப உங்க மரத்தடியில கிடக்கிற ஒவ்வொரு அழுகல் பழமும் அடுத்த மாசத்து ஈக்கு நீங்க போட்ட நாத்து.

இதை நான் கத்துக்கிட்டது 2021ல. மே மாசம் ரசாயன உரம், மருந்து இறக்குமதியை நிப்பாட்டினாங்க, நவம்பர்லதான் தடையை எடுத்தாங்க. அந்த மாசங்கள்ல கடையில ஒண்ணும் இல்லை. சும்மா இருக்க முடியாம தினமும் காலையில தேத்தண்ணிக்கு முந்தி விழுந்த பழத்தைப் பொறுக்கினேன். உர பேக்குக்கு உள்ள இருக்கிற பொலித்தீன்ல போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, வெயில்ல ரெண்டு கிழமை விட்டேன். உள்ளயே வெந்து செத்துப்போகும். மழை நாள்ல ரெண்டடி குழி வெட்டிப் புதைச்சேன். குப்பைக் குழியில மேலாக எறிஞ்சா பிரயோசனம் இல்லை, அங்கயே கூடாகி வந்துரும். நான் ரெண்டு காய்ப்பு விடாமப் பொறுக்கினேன், ரெண்டாவதுல வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சது.

அடுத்தது பை கட்டுறது. காய் தேசிக்காய் அளவு வந்ததும், நிறம் மாறுறதுக்கு முந்தியே கட்டிரணும். வெளுத்த பிறகு கட்டினா புழுவை உள்ள வச்சுக் கட்டின கதைதான். பேப்பர் மட்டும் போட்டா நம்ம மழைக்கு ஒரு நாள் தாங்காது. நான் பழைய நைலக்ஸ் சாரியைச் சாணளவு பையாத் தைச்சு, உள்ள பேப்பரைச் சுருட்டி வைக்கிறேன். வெறும் துணி காயில ஒட்டி நின்னா ஈ துணிக்கு மேலால குத்திரும், அதுக்குத்தான் பேப்பர். காம்போட சேத்துக் கட்டுங்க, எறும்பு நுழையிற சந்து விடாதீங்க.

வெலிமடை மரக்கறித் தோட்டம் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் அக்கா. ஈக்கு வேலி இல்லை. நீங்கள் மட்டும் பொறுக்கி, நாலு வீடு தள்ளி ஒரு மரத்தடியில் பழம் அழுகிக் கிடந்தால் அங்கிருந்து வந்து சேரும். எங்கள் வரிசையில் ஆறு வீட்டிலும் பேசி, சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை வைத்துப் பொறுக்குகிறோம். மற்ற நாட்களில் அவரவர் மரம் அவரவர் பொறுப்பு. பேசப் போனபோது ஒருவர், "என் வீட்டுப் பழம் அழுகினா உனக்கென்ன?" என்று சண்டைக்கே வந்தார். ஒரு பழத்தை அவர் முன்னாலேயே பிட்டுப் புழு குதிப்பதைக் காட்டினேன். அடுத்த சனிக்கிழமை வாளியோடு வந்தார்.

எல்லாக் காயையும் கட்ட முடியாது. ஒரு மரத்தில் நாற்பது ஐம்பது நல்ல காயைத் தெரிந்து கட்டுங்கள், கைக்கு எட்டாததைப் பிஞ்சிலேயே தட்டிவிடுங்கள். மரம் உயரமாக இருந்தால் காய்ப்பு முடிந்ததும் கவ்வாத்து பண்ணிக் குட்டையாக்குங்கள். அப்பாவின் கத்தி வீட்டில் இருக்கும்தானே?

பொறி பற்றியும் சொல்ல வேண்டும். மெதைல் யூஜினோல் என்ற, ஈயை இழுக்கும் வாசனைப் பொருள் வைத்த போத்தல் பொறியில் கிலோக் கணக்கில் ஈ விழுந்தது என்று படம் போடுகிறார்கள். அதில் விழுவது ஆண் ஈ மட்டும். முட்டை வைப்பது பெண். ஆணைக் குறைப்பதால் நாளடைவில் பலன் உண்டு, அதுவும் ஊரே சேர்ந்து வைத்தால். பொறியை மட்டும் தொங்கவிட்டுப் பையைக் கட்டாமல் விட்டவர்கள் எல்லோரும் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். வைப்பதென்றால் மரத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.

கோழி இருந்தால் மரத்தடியில் விடுங்கள். கிளறிக் கிளறிக் கூட்டைத் தின்னும். மருந்தடித்த மண் என்பதால் கொஞ்ச நாள் பொறுத்து விடுங்கள்.

பேராதனையில் படித்தவள் எழுதியது:

கறுப்பு இலையைப் பற்றி முதலில். அந்தக் கரி ஒரு பூஞ்சணம், இலையைத் துளைத்து உள்ளே போகாது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள், கீழே பச்சை இலை அப்படியே இருக்கும். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிக்கிறது, அந்த இனிப்பில் பூஞ்சணம் வளர்கிறது. எறும்பு அதே இனிப்புக்காகப் பூச்சியை மாடு மேய்ப்பது போல மேய்க்கிறது, எதிரிகளை அண்டவிடாது. ஆகவே எறும்பை நிறுத்துங்கள். அடிமரத்தில் துணியைச் சுற்றி, அதன் மேல் பொலித்தீன் கட்டி, அதில் கிறீஸ் பூசுங்கள். பட்டையில் நேராகப் பூசினால் பட்டை வெந்துபோகும். சுவரிலோ கொடிக் கயிற்றிலோ முட்டும் கொப்புகளை வெட்டுங்கள், இல்லையென்றால் அந்தப் பாலத்தால் ஏறும். பூச்சிக்கு ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவ சவர்க்காரம் கலந்து, இலைக்கு அடிப்பக்கம் படும்படி, வெயில் ஏறுமுன் அடியுங்கள். கிழமைக்கு ஒரு தடவையாக மூன்று தடவை. முதலில் ஒரு கொப்பில் அடித்து, இலை கருகவில்லை என்று பார்த்துவிட்டு மிச்சத்துக்கு அடியுங்கள்.

பட்டர் புரூட்தான் எனக்குக் கவலை. பீலிக்குப் பக்கம் என்று நீங்கள் எழுதிய ஒரு சொல்லில் பாதி விடை இருக்கிறது. குளிக்கிற, துணி துவைக்கிற தண்ணீர் வேரடியில் தேங்குகிறதா? மரத்திலிருந்து மூன்று அடி தள்ளி மேல் மண்ணைக் கையால் கிளறி, நூல் போன்ற சின்ன வேர்களைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறமாக, வளைத்தால் வளையும். கறுத்து, விரலில் எடுத்ததும் நொறுங்கினால் அது வேரழுகல். இதைச் செய்வது பைட்டோப்தோரா சின்னமோமி என்ற மண் கிருமி. 1922இல் சுமாத்திராவில் கறுவா மரத்தில் கண்டு பெயர் வைத்ததால் கறுவாவின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. ஈர மண்ணில் அதன் வித்துகள் நீந்தியே வேரைத் தேடிப் போகும். தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு நாளும் அதற்குச் சாதகம்.

இன்றே ஒரு கான் வெட்டி பீலித் தண்ணீரைத் திருப்புங்கள். மேட்டுப் பக்கமாக வெட்டினால் மழை ஓட்டமும் வேரடிக்கு வராது. வேரைக் கொத்தாதீர்கள். காய்ந்த இலை, சருகு, மரத்தூள் கிடைத்தால் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், அடிமரத்தைச் சுற்றி ஒரு அடி வெறுமையாக விடுங்கள். காய்ந்த கொப்பை உயிருள்ள இடம் வரை வெட்டுங்கள். அந்த மண் ஒட்டிய மண்வெட்டியைக் கழுவாமல் வேறு மரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பாதிக்கு மேல் இலை இருந்தால் மரம் மீள நல்ல வாய்ப்பு உண்டு. பொஸ்போனேட் வகை மருந்தை மரத்துக்குள் ஏற்றும் முறையும் இருக்கிறது, அதை விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கமநல சேவை நிலையத்தில் கேட்டால் அவரைப் பிடிக்கலாம். 1920 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுத்தால் விவசாயத் திணைக்களத்தில் தமிழிலும் பேசலாம். பேசும்போது தேனீ செத்ததையும் சொல்லுங்கள்.

தோடையைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. இலை திட்டுத் திட்டாக, நடு நரம்பின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் மஞ்சளானாலோ, காய் கோணலாகிப் பழுத்தும் பச்சையாக இருந்தாலோ உடனே படம் போடுங்கள். அவை ஒரு நோயின் அடையாளமாக இருக்கலாம், அந்த நோய்க்கு மருந்து கிடையாது.

அப்புத்தளை வீட்டுத்தோட்டம் எழுதியது (ஒன்பது கிழமை கழித்து):

ஐயா, அக்கா, தம்பி, மூவருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். பழத்தைத் தட்டில் வைத்தபோது புழு குதித்து மேசைக்கு வெளியே விழுந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்த பிறகு வெட்டுகிற பேச்சு இல்லை.

52 காய் கட்டினேன். இதுவரை 37 பறித்தேன், ஐந்தில் மட்டும் புழு. அந்த ஐந்திலும் பேப்பர் நனைந்து துணி காயோடு ஒட்டியிருந்தது. எறும்பு நின்றுவிட்டது, புது இலை சுத்தமாக வருகிறது. பட்டர் புரூட் வேர் நீங்கள் சொன்னபடியே கறுத்து நொறுங்கியது. வீட்டுக்காரரும் மைத்துனரும் சேர்ந்து கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். கீழ்க் கொப்பில் சிவந்த துளிர் இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. போதனாசிரியர் வருகிற கிழமை வருகிறார்.

சின்ன மகன் இப்போதும் கொய்யாவைக் கடிப்பதில்லை. நான் நாலாக வெட்டி, உள்ளே காட்டிய பிறகுதான் வாங்குகிறான். பேப்பர் நனையாமல் இருக்க வழி உண்டா?

மஸ்கெலியா பழைய ஆள் எழுதியது:

பையோட அடி மூலை ரெண்டையும் கத்திரியால கொஞ்சம் வெட்டி விடுங்க மகள், தண்ணி வடியட்டும். ஓட்டை நெல்லு மணி அளவுக்கு மேல போகக் கூடாது. மழை விட்ட அன்னைக்கு நனைஞ்ச பேப்பரை மாத்திருங்க. பழைய கொப்பித் தாள் பத்திரிகைத் தாளை விடக் கொஞ்சம் தாங்கும். பட்டர் புரூட் துளிரைப் படம் எடுத்துப் போடுங்க, பாக்கணும்.