புதுப்பிப்பு: மொட்டை மாடிப் பீர்க்கங்காய் காய்த்துவிட்டது

2020 ஜூன் மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் பீர்க்கங்கொடி பந்தல் நிறையப் பூக்கிறது, ஒரு பிஞ்சுகூட இல்லை என்று. "உரம் போடு", "மோர் தெளி" என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னீர்கள். இரண்டும் செய்தேன், பலனில்லை.

கண்டுபிடித்தது கீழ்வீட்டு அக்கா. தருமபுரிப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். முகக்கவசத்தை இறக்காமலேயே ஒரு பூவைத் திருப்பிக் காட்டி, "இதெல்லாம் ஆண் பூ தம்பி, எப்படிக் காய்க்கும்?" என்றார். முதலில் கொத்துக் கொத்தாக வருவது அதுதானாம். பெண் பூவென்றால் இதழுக்குக் கீழே குட்டிப் பீர்க்கங்காய் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வாரம் பொறுத்தேன், வந்தது.

பீர்க்கம்பூ விரிவது சாயங்காலம். எங்கள் நால்வர் ஜமா கூடுவதும் அப்போதுதான். ஆறடி தள்ளி நாற்காலி, அவரவர் பிளாஸ்கில் அவரவர் காப்பி. மஞ்சள் விரிந்ததும் ஒருவர் எழுந்துபோய் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவ வேண்டும். எங்கள் மாடிக்குத் தேனீ வருவதில்லை, அதன் வேலையும் நமக்கே. ஜூலை 14 இரவு நகரத்தில் மறுபடி ஊரடங்கு தொடங்கியதா, அந்த வாரம் நண்பர்கள் வீடியோ அழைப்பில் வந்து "அந்தப் பூவை விட்டுட்டே" என்று அதிகாரம் மட்டும் செய்தார்கள்.

நேற்று வரை ஒன்பது காய். முதல் காயில் கூட்டு, தோலில் துவையல். புளி கொஞ்சம் தூக்கல், அது என் கைவரிசை.

அப்புறம், மாவுப்பூச்சிக்கு வழி கேட்டவருக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, பூவில் படாமல் தெளியுங்கள்.