இமைமயிர்ச் சிற்றுண்ணிக்கு இங்க என்ன மருந்து எடுக்கலாம்?

அம்மாவுக்கு மூண்டு மாசமாக் கண்மடல் ஒரே கடி. விடிய எழும்பினால் ஒவ்வொரு இமைமயிரின்ர அடியிலயும் சட்டை போட்டமாதிரிச் செதில் சுத்தியிருக்கும். கசக்கினால் கண் சிவந்திடும். சுன்னாகத்தில காட்டினனாங்கள், டெமொடெக்ஸ் எண்ட சிற்றுண்ணி எண்டு சொல்லிச்சினம். 0.3 மில்லிமீற்றர் வரும், எட்டுக் கால், இரவிலதான் மயிர்க்குழிய விட்டு வெளிய ஊருமாம். அதைக் கேட்ட அண்டைக்கு அம்மா நித்திரையே கொள்ளேல்லை! வளந்த ஆக்கள் கனபேரிட்ட இருக்கிறதுதான், பெருகினால்தான் கரைச்சல்.

அமெரிக்காவில 2023இல லொட்டிலனர் எண்ட கண்துளிமருந்தை அனுமதிச்சவை. இங்க எடுக்கேலுமோ? ரீ ட்ரீ எண்ணெய் கலந்த இமைத் துடைப்பான் யாழ்ப்பாண ரவுணில எந்த ஃபார்மசியில இருக்கு? தனி எண்ணெயைப் பூசச் சொல்லாதேங்கோ, கண் எரிஞ்சுபோகும். ஆருக்கேன் வந்து சுகமானதெண்டால் எழுதுங்கோ.