மறு: 'பேக்பீட்' - பின்னடியா, எதிரடியா, வீச்சடியா?

குழுவினர்க்கு வணக்கம்.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'ரப்பர் சோல்' பாடல் தொகுப்பு (வெளியீடு 1965 டிசம்பர் 3) பற்றிய கட்டுரைக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. தலைப்பை மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. 'பிளாஸ்டிக் சோல்' என்ற கிண்டலிலிருந்து பிறந்த பெயர் அது. காலணியின் அடிப்பகுதியும் (sole) அமெரிக்கக் கறுப்பர் இசையும் (soul, நேர்ப்பொருள் ஆன்மா) ஒரே ஒலியில் சிலேடையாக நிற்கின்றன. நம் செருப்புக் கடைகளிலும் 'ரப்பர் சோல்' என்றுதான் சொல்கிறார்கள். 'ஆன்மா' என்று எழுதினால் சிலேடை செத்துப்போகும்.

மிச்சம் இருப்பது 'பேக்பீட்'. நான்கு எண்ணிக்கை கொண்ட அடைப்பில் (தாளச் சுற்றில்) 1, 3-இல் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 2, 4-இல் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்). அழுத்தம் 2, 4-இல். சோல் இசையே அதில்தான் நடக்கிறது. 'பின்னடி' சரிவருமா?

———

> 'பின்னடி' சரிவருமா?

வராது. யாழ்ப்பாணத்தில் பின்னடிப்பது என்றால் தயங்குவது, பின்வாங்குவது. ஸ்னேர் அங்கே தயங்கவில்லை, ஓங்கி விழுகிறது. ஆங்கிலச் சொல்லைப் பிய்த்து இரு பாதியையும் தனித்தனியே தமிழாக்கினால் இப்படித்தான் ஆகும். 'எதிரடி' என்று வைக்கலாமே?

———

எதிரடி என்றால் படிப்பவர் 'ஆஃப் பீட்' என்று நினைத்துக்கொள்வார். இரண்டும் வேறு. ஆஃப் பீட் இரண்டு தட்டுகளுக்கு நடுவே விழுவது. அதற்கு நம்மிடம் 'அரை இடம்' என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது. பேக்பீட் தட்டின் மேலேயே விழுகிறது. எந்தத் தட்டு என்பதுதான் கேள்வி.

ஆதி தாளத்தைப் போட்டுப் பாருங்கள். முதல் பகுதியான லகுவின் நான்கு எண்ணிக்கை முடிந்து, இரண்டிரண்டு எண்ணிக்கை கொண்ட திருதங்கள் வரும்போது 5 தட்டு, 6 வீச்சு, 7 தட்டு, 8 வீச்சு. அந்த நான்கையும் ஒரு அடைப்பாக எண்ணினால் ஸ்னேர் விழும் இரண்டு இடமும் வீச்சு. நாம் கையைத் திருப்பி ஓசையில்லாமல் விடும் இடத்தில் சோல் வாசிக்கும் அமெரிக்க மெம்ஃபிஸ்காரர் அடிக்கிறார். ஆகவே 'வீச்சடி'.

———

> 'வீச்சடி'

இரண்டு தடை. ஒன்று, லகுவில் வீச்சே கிடையாது. அங்கே 2 சுண்டுவிரல், 4 நடுவிரல். பாதித் தாளத்துக்குத்தான் உங்கள் ஒப்புமை பொருந்தும். இரண்டு, இயற்பியல் பாடநூலில் வீச்சு என்றால் அலையின் உயரம். ஒலிப்பதிவு பற்றி எழுதும்போது 'வீச்சடியின் வீச்சைக் குறை' என்று எழுத நேரும்.

———

நேரட்டுமே. 'அடி' என்ற சொல்லுக்கு நீளம், செய்யுள் வரி, கால், உதை என்று எத்தனை பொருள் இருக்கிறது, யாரும் குழம்பவில்லை. லகுவைப் பற்றிய தடை நியாயம். ஆனால் தட்டு-வீச்சு என்று மாறி மாறிப் போடுவது தாளம் படிக்காதவர் கைக்கும் தெரியும்.

———

ஒலிப்பதிவுப் பக்கத்திலிருந்து ஒரு சொல். வீச்சடியை ஏற்கிறேன், ஆனால் அது போதாது. சோல் பாணியில் அந்த அடி கொஞ்சம் தாமதமாகவும் விழும். 1965-இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகர் வில்சன் பிக்கெட்டின் 'இன் த மிட்நைட் அவர்' பதிவானபோது, தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் 'ஜெர்க்' ஆட்டத்தை ஆடிக்காட்டி அந்த இழுப்பைக் கேட்டார். ஆல் ஜாக்சனின் ஸ்னேரும் ஸ்டீவ் க்ராப்பரின் கிட்டார் வெட்டும் (சட்டென்று வெட்டி நிறுத்தும் மீட்டல்) 2, 4-இல் ஒன்றாகப் பிந்துகின்றன. இதற்கு என்ன பெயர்?

———

அனாகதம். தாளம் தொடங்கியபின் பாட்டு எடுப்பது. பழைய சொல், பொருத்தமான சொல்.

———

> அனாகதம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பொருந்தாது ஐயா. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லி நொடி. தட்டை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் கால் இடம் தள்ளி எடுத்தால் 125. ஸ்னேர் பிந்துவதோ 10 முதல் 30. இருபது என்று வைத்தால் தட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதைக் கையால் எண்ண முடியாது, உடம்புக்குத்தான் தெரியும். அனாகதம் எண்ணிப் பிடிக்கும் இடம்.

'ரப்பர் சோல்' தொகுப்பில் அனாகதம் போன்ற எடுப்புச் சொற்களுக்கு வேலை இருக்கும் இடம் 'டிரைவ் மை கார்' தொடக்கம். கிட்டார் முதலில் தனியாக வருகிறது, முதல் சுரம் சமத்தில் (தாளத்தின் 1-இல்) இல்லை. டிரம் நுழைந்த பிறகுதான் 1 எங்கே என்று பிடிபடும். அதுவரை தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் கை தப்பியிருக்கும்! (அதற்குப் பின் பேஸும் கிட்டாரும் ஒரே வரிசையில் போவது, ஓட்டிஸ் ரெட்டிங்கின் 'ரெஸ்பெக்ட்' பேஸைப் பார்த்து பீட்டில்ஸின் கிட்டார்காரர் ஹாரிசன் சொன்ன யோசனை.)

பேச்சு வழக்கிலேயே முந்தி, பிந்தி இருக்கிறதே. தட்டுக்கு முன்னால் தள்ளுவது முந்தல், பின்னால் சாய்வது பிந்தல்.

———

பிந்தல் நல்ல சொல். ஆனால் வரையறையில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: லயம் (வேகம்) மாறக் கூடாது. அதே தொகுப்பின் 'யூ வோன்ட் சீ மீ' கேளுங்கள். தொடங்கிய வேகம் கடைசியில் இல்லை, பாட்டு முழுக்க மெல்ல மெல்லத் தளர்கிறது. அது பிந்தல் அல்ல, லயம் இறங்குவது. பிந்தலில் கிக்கும் பேஸும் தட்டிலேயே நிற்கும், ஸ்னேரும் கிட்டார் வெட்டும் மட்டும் சாயும். எல்லாம் சேர்ந்து பிந்தினால் எதற்குப் பிந்தியது என்றே தெரியாது, பிந்தலும் கேட்காது.

சோதித்துப் பார்க்க: கணினியில் 120 வேகத்தில் கிக், ஸ்னேர், பேஸ், கிட்டார் வெட்டு என்று நான்கு டிராக் போடுங்கள். ஸ்னேரை மட்டும் 20 மில்லி நொடி தள்ளினால் கிட்டார் வெட்டு முந்தி, ஓசை தடிக்கும். அதையும் சேர்த்துத் தள்ளுங்கள், சரியாகிவிடும். பிறகு இரண்டையும் 60 மில்லி நொடிக்குக் கொண்டுபோனால் அது நடை அல்ல, பிழை. உண்மையான டிரம் பதிவில் இதைச் செய்யாதீர்கள். டிரம்களுக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்கிலும் ஸ்னேர் இருக்கும். பக்கத்து மைக்கை மட்டும் நகர்த்தினால் இரண்டும் ஒன்றையொன்று தின்று ஸ்னேர் தகர டப்பா ஆகிவிடும். 'ரப்பர் சோல்' நான்கு டிராக் டேப்பில் பதிவானது, அங்கே டிரம்முக்கென்று தனி டிராக் கிடையாது. நகர்த்தும் பேச்சே இல்லை, வாசித்தவர் கையில் இருந்தால்தான் உண்டு. கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது: 1965 ஸ்டீரியோ கலவையில் பெரும்பாலும் கருவிகள் இடப்பக்கம், குரல் வலப்பக்கம். இடது காதை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

———

எல்லோருக்கும் நன்றி. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

வீச்சடி: நான்கு எண்ணிக்கை அடைப்பில் 2, 4 ஆகிய தட்டுகளில் விழும் அழுத்தம்.
பிந்தல்: லயம் மாறாமல், ஒரு கருவியோ சிலவோ தட்டுக்குச் சற்றுப் பின்னால் விழுவது. எதிர்ச்சொல் முந்தல்.
அரை இடம்: ஆஃப் பீட்.

வீச்சடியும் பிந்தலும் சேர்ந்ததைப் 'பிந்துவீச்சடி' என்று ஒரே சொல்லாக்கலாமா?

———

வேண்டாம். விளையாட்டுப் பக்கத்தில் பந்துவீச்சுக்கு அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார்கள். 'பிந்திய வீச்சடி' என்றே இருக்கட்டும்.