அப்பா பீடியை விடப் போறார்: சூயிங் கம், பேட்ச், மாத்திரை, எது சரிப்படும்?

பவானிக்கரை
வணக்கமுங்க. அப்பாவுக்கு வயசு 58, விசைத்தறிப் பட்டறையில வேலை. தினம் ஒரு கட்டு பீடி, சம்பளத்தன்னைக்கு மட்டும் சிகரெட், கூட கொஞ்சம் சரக்கு. கண்ணு முழிச்சதும் பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே முதல் பீடி பத்த வெச்சாகணும். இளைப்புக்கு டெரிஃபிலின் ரிடார்ட், சுகருக்கு மெட்ஃபார்மின் எடுக்கறாருங்க. கீழ்வரிசைக்குக் கட்டுப்பல்.

இந்த வாட்டி அவரா வாயைத் தொறந்து விடறேன்னு சொல்லியிருக்கார். 2 மி.கி. நிகோடின் கம் வாங்கிக் குடுத்தோம். தொண்டை எரியுது, விக்கல் வருது, கட்டுப்பல்லுல ஒட்டிக்குதுன்னு தூக்கிப் போட்டுட்டார். தோல்ல ஒட்டற நிகோடின் பேட்ச் நல்லதா, மாத்திரையா? துபாய்ல இருக்கற மச்சான் வேப் (பேட்டரியில ஓடற மின்சிகரெட்) கொண்டாரேங்கறார், அது பரவாயில்லையா? ஏற்கெனவே எடுக்கற மாத்திரைகளோட இதெல்லாம் ஒத்துப்போகுமான்னும் சொல்லுங்க.

மருந்தாளுநர்_ஈரோடு
கம்மைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, அப்பா அதை எப்படி மென்னார்னு கேளுங்க. பேரு சூயிங் கம்ங்கறதால எல்லாரும் வெத்தலை பாக்கு மாதிரி விடாம மெல்லுறாங்க. அப்படி மென்னா நிகோடின் மொத்தமா எச்சில்ல இறங்கி வயித்துக்குப் போயிடும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் எல்லாம் அதனாலதான். வயித்துக்குப் போனது ஈரலைத் தாண்டி வர்றதுக்குள்ள பெரும்பகுதி வீணாயிடும். அதனால எரிச்சலும் வரும், பீடி ஆசையும் அடங்காது.

மெதுவா மெல்லணும். காரமா, சுருசுருன்னு ஏறினதும் நிறுத்திட்டு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும். ஒரு நிமிஷத்துல அந்தக் காரம் அடங்கும். அப்புறம் நாலஞ்சு கடி, மறுபடி வேற பக்கம் ஒதுக்கணும். ஒரு கம் அரை மணி நேரம் வரணும். போடறதுக்கு 15 நிமிஷம் முன்னாடியும், வாயில இருக்கும்போதும் காபி, கலர், எலுமிச்சை ஜூஸ் எதுவும் கூடாது. வாய் புளிச்சுக் கிடந்தா நிகோடின் உள்ளேயே ஏறாது. "டீ குடிச்சதும் பீடி ஆசை வருது, அதனால டீயோடவே கம் போட்டேன்"னு சொல்றவங்களுக்கு அது வேலை செய்யாததுக்குக் காரணம் இதுதான்.

இன்னொண்ணு, முழிச்சு அரை மணி நேரத்துக்குள்ள முதல் பீடின்னா 2 மி.கி. பத்தாது, 4 மி.கி. கணக்கு. 2 மி.கி. சும்மாவே வாங்கலாம், 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேணும். பீடி சின்னதா இருக்குன்னு குறைச்சு எடை போடாதீங்க. தூள் கம்மிதான், ஆனா அணையாம இருக்க அடிக்கடி ஆழமா இழுக்கணும், அதுல இறங்கற நிகோடின் சிகரெட்டுக்குக் குறைஞ்சதில்லை.

கட்டுப்பல் இருக்கறதால அவருக்குக் கம்மை விட லாஸெஞ்ச் நல்லது. நிகோடின் இருக்கற சப்பற மாத்திரைதான் அது. கடிக்காம, முழுங்காம கன்னத்துல ஒதுக்கி, அப்பப்போ பக்கம் மாத்தினா 20, 30 நிமிஷத்துல கரையும். பேட்ச் எல்லாக் கடையிலயும் இருக்காது, சொல்லி வெச்சு வரவழைக்கணும்.

நுரையீரல்_மருத்துவர்
எல்லாரும் தாண்டிப் போகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: டெரிஃபிலின். அதில் தியோஃபிலின் இருக்கிறது. புகையில் உள்ள சில ரசாயனங்கள் தியோஃபிலினை உடைக்கும் ஈரல் நொதியைத் தூண்டிவிடும். புகைப்பவரின் உடம்பு இந்த மருந்தை வேகமாகச் செலவழிப்பது அதனால்தான். பீடி நின்றதும் ஒரு வாரத்துக்குள் நொதி தணிந்துவிடும். அதே அளவு மாத்திரை இப்போது கூடுதலாகிப் போகும். படபடப்பு, வாந்தி, கை நடுக்கம், தூக்கமின்மை வரலாம். வீட்டில் உள்ளவர்கள் "பீடியை விட்டதால் உடம்பு கெட்டுவிட்டது" என்று நினைத்து மறுபடி பீடியையே கையில் கொடுப்பார்கள். தூண்டுவது நிகோடின் அல்ல, புகை. ஆகவே பேட்ச் ஒட்டியிருந்தாலும் இது நடக்கும். நிறுத்தும் தேதியை முன்கூட்டியே அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை அவர் குறைப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம். காபிக்கும் இதே கதைதான். வழக்கமாகக் குடிக்கும் காபியே தூக்கத்தைக் கெடுக்கும், பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்போது தேர்வு. பேட்சும் லாஸெஞ்சும் சேர்த்துப் போடுவது ஒன்றை மட்டும் போடுவதை விட நன்றாக வேலை செய்கிறது. பேட்ச் நாள் முழுக்க அடித்தளமாக இருக்கும், திடீரென எழும் ஆசைக்கு லாஸெஞ்ச். தினம் பத்துக்கு மேல் புகைப்பவருக்கு 21 மி.கி. பேட்ச் 6 வாரம், பிறகு 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். காலையில் ஒட்டினால் ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகும். எழுந்ததும் வரும் பீடி ஆசையை அது பிடிக்காது. அந்த நேரத்துக்கு ஒரு லாஸெஞ்ச் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

மாத்திரையில் வரெனிக்லின் நல்ல மருந்து. முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, 4 முதல் 7ஆம் நாள் வரை இரு வேளை, 8ஆம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். ஆரம்பித்த முதல் வாரம் பீடி குடிக்கலாம், நிறுத்துவது எட்டாம் நாளையொட்டி. சாப்பிட்டபின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கனவுகள் அதிகம் வரும். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் சர்க்கரை நோயாளிக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் தொடங்கக் கூடாது. மதுவின் போதையையும் இது சிலருக்கு ஏற்றிவிடும், சம்பள நாளை நினைவில் வையுங்கள்.

பூப்ரோபியோன் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் அப்பாவுக்கு நான் கொடுக்க மாட்டேன். வலிப்பு வரும் வாய்ப்பை அது கூட்டும். தியோஃபிலின், சர்க்கரை மாத்திரை, மது மூன்றுமே அந்த ஆபத்தை இன்னும் ஏற்றக்கூடியவை.

கரூர்_முருகேசன்
பீடிக்குப் பதிலா நிகோடின்னா, ஒரு போதைக்கு இன்னொரு போதைதானே? மனசுல உறுதி இருந்தா இதெல்லாம் எதுக்கு?

புகையிலை_ஆலோசகர்
முருகேசன் அண்ணே, புத்துநோய் கொண்டு வர்றது புகையில இருக்கற தாரும் மத்த நச்சுங்களும்தான். மூச்சோட போற நிகோடின் சில நொடியில மூளைக்கு ஏறும், அந்த வேகந்தான் ஆளைப் பிடிச்சு வைக்குது. பேட்ச்ல அது மணிக்கணக்குல ஊருது, அதனால பழக்கமாகறது அபூர்வம். உறுதி வேண்டாம்னு யாரும் சொல்லலை. முதல் ரெண்டு மூணு நாள் எரிச்சலும் கோபமும் உச்சத்துல இருக்கும்போது அந்த உறுதிக்கு முட்டுக் குடுக்கத்தான் இது.

வேப் வேண்டாம். இந்தியாவுல 2019 சட்டப்படி அதை இறக்குமதி பண்றது, விக்கறது, இருப்பு வைக்கறது எல்லாமே தடை. மச்சான் விமான நிலையத்துல மாட்டிக்குவார்.

1800 11 2356, காசில்லாத எண், பாக்கெட் மேலயே அச்சடிச்சிருக்கும். தமிழ்லயே பேசலாம். நிறுத்தற தேதிய அவங்களோட சேர்ந்து முடிவு பண்ணினா திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. சென்னைப் பக்கம் வர முடிஞ்சா அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலயும் புகையிலை விடறதுக்குன்னு பிரிவு இருக்கு.

பவானிக்கரை
ரொம்ப நன்றிங்க. டெரிஃபிலின் விஷயம் யாரும் சொன்னதில்லை, நாளைக்கே டாக்டரைப் பார்க்கறோம். தறிக்கூடத்துல வேர்வை ஊத்துமுங்களே, பேட்ச் நிக்குமா? அதோட, நடுவுல ஒரு பீடி குடிச்சுட்டா பேட்ச்சைக் கழட்டிரணுமா?

மருந்தாளுநர்_ஈரோடு
கழட்ட வேண்டாம். ஒரு பீடி குடிச்சார்னு பேட்ச்சை எடுத்தா மறுநாள் பத்து பீடி ஆயிடும். இருக்கட்டும், அடுத்த பீடியைத் தவிர்க்கப் பார்க்கட்டும். தலைசுத்தல், வாந்தி வந்தா மட்டும் அளவு கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

வேர்வைக்கு: மேல்கையில வெளிப்பக்கமோ, மார்புக்கு மேலயோ, முடியில்லாத இடமாப் பார்த்து ஒட்டணும். எண்ணெய், பவுடர், சோப்புப் பிசுக்கு எதுவும் இருக்கக் கூடாது. வெறும் தண்ணியில கழுவி நல்லாத் துடைச்சு, உள்ளங்கையால பத்து நொடி அழுத்திப் பிடிங்க. குளிச்ச உடனே ஈரத்தோட ஒட்டறதுதான் பெரும்பாலும் உரிஞ்சு வர்றதுக்குக் காரணம். ஓரம் தூக்கினா மைக்ரோபோர் டேப் போட்டுக்கலாம். தினம் இடம் மாத்துங்க, அதே இடத்துக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் திரும்பணும், இல்லைன்னா தடிச்சு அரிக்கும். நைட் ஷிப்டுன்னா தூங்கி எழுந்த நேரம்தான் அவருக்குக் காலை, அப்போ ஒட்டினாப் போதும். தூக்கத்துல கெட்ட கனவா வந்தா படுக்கறப்போ எடுத்துடலாம்.

கத்தரியால பாதியா வெட்டி மிச்சம் பிடிக்காதீங்க. கழட்டின பேட்ச்லயும் மருந்து பாக்கி இருக்கும். ஒட்டற பக்கம் உள்ளே வர்ற மாதிரி மடிச்சு, குழந்தைங்க கைக்கு எட்டாத குப்பையில போடுங்க.