கறி சமைக்க நேரம் குறித்தார்களே, முன்வந்தது யார்?

பொங்கோல்வாசி:
நேற்று சமூக மன்றத்தில் ஒருவர் அடித்துப் பேசினார். சிங்கப்பூரில் இந்தியக் குடும்பம் கறி சமைக்க அரசாங்கமே தடை போட்டதாம்! 2011இல் செய்தி வந்து ஊர் கொந்தளித்தபோதே சட்ட அமைச்சு விளக்கம் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டில் சீனாவிலிருந்து வந்த குடும்பத்துக்குக் கறி வாசம் ஒத்துக்கொள்ளவில்லை. சமரச நிலையத்தில் பேசினார்கள். பக்கத்து வீட்டார் இல்லாத நேரத்தில் சமைக்கிறோம் என்று இந்தியக் குடும்பமே முன்வந்து சொன்னது. நீங்களும் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டது. அவர்களும் சம்மதித்தார்கள். தடை எங்கே வந்தது?

ஈசூன் மீனாட்சி:
முன்வந்தார்களா? தம்பி, புகார் கொடுத்து, கூப்பிட்டு உட்காரவைத்த பிறகு வாயில் வருவதற்குப் பெயர் முன்வருவதா? முப்பது வருஷமாக ஈசூனில் இருக்கிறேன். நான் வெந்தயம் தாளித்தால் நாலு வீடு தள்ளி மணக்கும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்காகக் கீழே தாள் எரிப்பார்கள், கம்பில் காயும் என் புடவையெல்லாம் சாம்பல். நான் துணியை உள்ளே இழுத்துக்கொள்வேன், எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவைச் சாத்திக்கொள்வார். யாரும் யாருக்கும் நேரம் குறித்ததில்லை.

பொங்கோல்வாசி:
அக்கா, அமைச்சு தெளிவாகச் சொன்னது. யோசனை சமரசம் செய்தவருடையது இல்லை, அந்தக் குடும்பத்துடையது.

ஈசூன் மீனாட்சி:
அதைத்தான் நானும் கேட்கிறேன். முன்வரவேண்டிய நிலைமை யாருக்கு வந்தது? வாசம் பிடிக்காதவர் ஏன் முன்வரவில்லை?

தஞ்சாவூர் தம்பி:
எங்கள் ஊரில் கறி என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி. நீங்கள் சொல்வது குழம்பு. முதலில் அதைச் சரியாக எழுதுங்கள்.

ஈசூன் மீனாட்சி:
வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, எனக்குத் தமிழ் சொல்லித்தர வந்துவிட்டீர்களா? இங்கே மீன் தலைக் கறி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தஞ்சாவூர் தம்பி:
வந்த கணக்குப் பார்த்தால் உங்கள் தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான்.

பிடோக் ரஹ்மத்:
சண்டை வேண்டாம். அந்தச் செய்தி வந்ததும் ஆகஸ்ட் 21ஆம் தேதி ஊரே கறி சமைத்ததே, மறந்துபோச்சா? எங்கள் காரிடாரில் சீனர் வீட்டிலும் கறிதான். 1989இல் வீவக புளோக்குக்கு இன வரம்பு, அதாவது ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை வீடுதான் என்று வைத்ததால்தானே கலந்து வாழ்கிறோம்.

ஈசூன் மீனாட்சி:
ரஹ்மத் அண்ணே, அந்த வரம்பைப் பற்றி என் தங்கையைக் கேளுங்கள். அவள் புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டது, அதனால் சீனருக்கு விற்கமுடியாது. வந்து கேட்டவர்களெல்லாம் சீனர்கள். எட்டு மாதம் காத்திருந்து விலையைக் குறைத்து விற்றாள். அவளும் முன்வந்துதான் குறைத்தாள் என்று சொல்வீர்களா?

பிடோக் ரஹ்மத்:
அது வேறு விஷயம் தங்கச்சி. வரம்பு இல்லாமல் அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் இனம் இனமாகப் பிரிந்துபோவோம். எங்கள் தலைமுறை 1964 இனக் கலவரத்தைக் கண்ணால் பார்த்தது.

பொங்கோல்வாசி:
பேச்சு எங்கேயோ போகிறது. நான் சொன்னது ஒன்றுதான். தடை இல்லை. அவர்களே முன்வந்தார்கள்.

ஈசூன் மீனாட்சி:
மறுபடியும் முன்வந்தார்களா! தம்பி, சொந்த வீட்டு அடுப்பைப் பற்ற வைக்க அடுத்த வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒருநாள் எட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து அந்த வார்த்தையை எழுதுங்கள்.

தஞ்சாவூர் தம்பி:
அப்பவும் அது குழம்புதான்.